நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலம்: 2023 சுரங்கச் சட்டத் திருத்தம் சிக்கிக்கொண்ட இடம்

2024 நவம்பர் 7 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கான ஏல முடிவை அறிவித்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2,015.51 ஹெக்டேர் பரப்புள்ள அந்தத் தொகுதியை எடுத்தது வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த இந்துஸ்தான் ஜிங்க். 2025 ஜனவரி 23 அன்று அதே அமைச்சகம் அந்த ஏலத்தை ரத்து செய்தது. இடைப்பட்ட காலம் 77 நாள்.

இதை மக்கள் போராட்டத்தின் வெற்றி என்று சொல்லி முடித்துவிடலாம். அது உண்மையும்கூட. ஆனால் நாட்டின் கனிமத் தேவைக்கு வெளிநாட்டை நம்பியிருக்கக் கூடாது என்று சொல்லி நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டம், களத்தில் கால் வைத்ததும் எப்படித் தடுக்கி விழுந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. சட்டம் மாற்றியது ஏலம் போடும் கையை மட்டும்தான். நிலம், நீர், ஊர், உரிமம் எல்லாம் பழையபடி மாநிலத்தின் பக்கமே இருந்தன.

சட்டம் என்ன செய்தது

1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு, ஒழுங்குமுறை) சட்டத்துக்கு 2023 ஆகஸ்ட் 17 முதல் ஒரு திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2023 ஜூனில், 30 கனிமங்களை 'முக்கியக் கனிமங்கள்' என்று அமைச்சகம் பட்டியலிட்டிருந்தது. அவற்றில் 24 கனிமங்கள் முதல் அட்டவணையில் புதிதாகச் சேர்த்த 'டி' பகுதிக்குள் வந்தன. லித்தியம், கோபால்ட், கிராஃபைட், நிக்கல், டங்ஸ்டன் ஆகியவையும், யுரேனியமும் தோரியமும் கலக்காத அருமண் தாதுக்களும் அதில் அடக்கம். லித்தியம், பெரிலியம், டைட்டானியம், நியோபியம், டான்டலம், சிர்கோனியம் ஆகிய ஆறும் அணுக் கனிமப் பட்டியலிலிருந்து வெளியே எடுக்கப்பட்டன.

நாயக்கர்பட்டிக்கு வேராக இருப்பது 11டி பிரிவு. 'டி' பகுதிக் கனிமங்களுக்கான சுரங்கக் குத்தகையையும் கூட்டு உரிமத்தையும் இனி மத்திய அரசே ஏலம் விடும் என்கிறது அது. ராயல்டியும் ஏல பிரீமியமும் மாநிலத்துக்கே போய்ச் சேரும். ஏலம் முடிந்தபின் ஒப்புதல் கடிதம் கொடுப்பது, உரிமப் பத்திரம் எழுதிக் கையெழுத்திடுவது, எல்லைக்கல் நடுவது, வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஏற்றுவது ஆகியவையும் மாநிலத்தின் வேலைதான். ஏலம் டெல்லியில் முடிகிறது. அடுத்த கையெழுத்து சென்னையில் ஆக வேண்டும். தனக்குச் சம்மதமில்லாத ஏலத்துக்கு மாநிலம் எத்தனை நாளில் கையெழுத்திடும் என்ற கேள்விக்குச் சட்டத்தில் நடைமுறைக்கு உதவும் விடை இல்லை.

தமிழ்நாடு இதை முன்னரே எழுத்தில் சொல்லியிருந்தது. ஏல அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொள்வதை ஆட்சேபித்து 2023 அக்டோபர் 3 அன்று அப்போதைய நீர்வளம் மற்றும் கனிமவளத்துறை அமைச்சர் துரைமுருகன் கடிதம் எழுதினார். நவம்பர் 2 அன்று மறுப்புப் பதில் வந்தது. அந்த ஆட்சேபம் அதிகாரத்தைப் பற்றியது. ஏலத் தொகுதிக்குள் விழும் பல்லுயிர்த் தலமான அரிட்டாபட்டியைப் பற்றியதல்ல. பிற்பாடு இரு தரப்பும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டியபோது இந்த வேறுபாடு முக்கியமானது.

ஏலம் நடக்கும் முறை

2015ஆம் ஆண்டுக் கனிம ஏல விதிகளின்படி இது இரண்டு கட்ட இணையவழி ஏலம். முதல் கட்டத்தில் நிறுவனம் தன் நிகர மதிப்பு உள்ளிட்ட தகுதி ஆவணங்களையும், கூடவே ஒரு தொடக்க விலையையும் கொடுக்கும். 'விலை' என்பது ரூபாய்க் கணக்கல்ல, சதவீதம். வெட்டி அனுப்பும் கனிமத்தின் மதிப்பில் இத்தனை சதவீதத்தை ராயல்டிக்கு மேலாக மாநிலத்துக்குத் தருகிறேன் என்ற வாக்குறுதி அது. தகுதி பெற்றவர்களின் தொடக்க விலைகளில் உயர்ந்தது இரண்டாம் கட்டத்தின் அடிவிலையாகும். அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போகலாம். கடைசியில் நிற்பவர் முன்னுரிமை ஏலதாரர். முதல் முயற்சியில் தகுதியுள்ளவர்கள் மூவருக்குக் குறைந்தால் ஏலம் ரத்தாகும். இரண்டாம் முயற்சியில் மூவர் இல்லாவிட்டாலும் தொடரலாம்.

இந்த 'மூவர்' விதியில்தான் பல தொகுதிகள் தட்டின. 2023 நவம்பர் 29 அன்று தொடங்கிய முதல் சுற்றில் வைத்த 20 தொகுதிகளில் 13க்கு ஏலம் கைவிடப்பட்டது. 59 லட்சம் டன் லித்தியம் தாது இருக்கலாம் என்று நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியான ஜம்மு காஷ்மீரின் ரியாசி தொகுதியும் அவற்றுள் ஒன்று. அந்த 59 லட்சம் டன், ஜி3 என்ற ஆரம்ப நிலை ஆய்வில் ஊகித்த அளவு (ஜி4 முதல் ஜி1 வரை, எண் குறையக் குறைய ஆய்வு உறுதிப்படும்). அதுவும் களிமண் சார்ந்த படிவு. அதிலிருந்து லித்தியத்தை இலாபகரமாகப் பிரிக்கும் தொழில்நுட்பம் வணிக அளவில் நிலைபெறவில்லை. ஏலதாரர்கள் ஒதுங்கியது இயல்பே. இதற்கு நேர்மாறாகச் சத்தீஸ்கரின் கட்கோரா தொகுதிக்கு 76.05 சதவீதம் வரை ஏலம் ஏறியது. நூறு ரூபாய்த் தாதுவுக்கு 76 ரூபாய் பிரீமியம், அதன்மேல் ராயல்டி, மாவட்டக் கனிம நிதி, தேசியக் கனிம ஆய்வு அறக்கட்டளைக்கான பங்கு. மிச்சத்தில் சுரங்கம் ஓட்ட வேண்டும். ஏலத்தில் வென்றவர் பின்னாளில் சுரங்கத்தைத் திறக்காமலே வைத்திருக்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

நாயக்கர்பட்டி சென்றது கூட்டு உரிமத்துக்கு. அதாவது முதலில் ஆய்வு, கிடைத்தால் சுரங்கக் குத்தகை, இரண்டும் ஒரே ஏலத்தில். நேரடிக் குத்தகைக்குத் தாதுவின் அளவு ஜி2 நிலை வரை உறுதியாக வேண்டும். கூட்டு உரிமத்துக்கு ஜி4 என்ற பூர்வாங்க நிலையே போதும். ஆய்வு ஆரம்ப நிலையில் இருக்கும்போது தாது எங்கே செறிந்திருக்கிறது என்று தெரியாது. அதனால் எல்லையை அகலமாகப் போடுகிறார்கள். 20 சதுர கிலோமீட்டர் வந்தது அப்படித்தான். இதில் பெரும்பகுதி கடைசியில் வெட்டப்படாமலே விடப்படும் என்பது புவியியலாளருக்குத் தெரியும். பட்டா நிலத்தில் நெல் போட்டிருப்பவர் கையில் கிடைத்ததோ தன் சர்வே எண் உள்ளே விழும் ஒரு வரைபடம். யாரும் அவரிடம் முன்கூட்டி எதையும் விளக்கவில்லை. அவர் மொத்தப் பரப்பும் போகப்போகிறது என்று புரிந்துகொண்டதில் தவறே இல்லை, ஏனென்றால் உரிமம் முழுப் பரப்புக்கும்தான்.

விடுபட்ட சோதனை

அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம். 2022 நவம்பரில் மாநில அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், மூன்று தடுப்பணைகள் என்று அறிவிப்பிலேயே பட்டியல் இருக்கிறது. ஏறத்தாழ 250 பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. லகார் வல்லூறும் ராசாளிக் கழுகும் அவற்றில் உண்டு. கழிஞ்சமலைக் குகையில் தமிழி கல்வெட்டும் சமணப் படுக்கைகளும் உள்ளன. பாண்டியர் காலக் குடைவரைக் கோயில் உள்ளது.

ஏலத் தொகுதிக்குள் இத்தலத்தின் 1.93 சதுர கிலோமீட்டர் விழுந்தது. மத்திய அமைச்சகத்தின் வாதம் இது: 2021இலேயே இந்திய புவியியல் ஆய்வு மையத்தின் அறிக்கை மாநிலத்திடம் கொடுக்கப்பட்டது, தொகுதி விவரங்களைக் கேட்டபோது மாநிலம் பல்லுயிர்த் தலம் இருப்பதைக் குறிப்பிட்டதே தவிர ஏலம் வேண்டாம் என்று சொல்லவில்லை, 2024 பிப்ரவரியில் ஏல வேலை தொடங்கியதிலிருந்து நவம்பர் 7 வரை எதிர்ப்புக் கடிதம் எதுவும் வரவில்லை. மாநிலத்தின் வாதம்: ஏல அதிகாரத்தையே 2023இல் எதிர்த்துவிட்டோம், தலம் இருப்பதைச் சொன்னபிறகும் ஏலம் விட்டது மத்திய அரசு. இரண்டும் கோப்பில் இருப்பவையே. ஒரு தகவல் குறிப்பு அமைச்சகத்தின் மேசையை அடைந்திருக்கிறது. அதைப் படித்ததும் எல்லையைத் திருத்த வேண்டும், அல்லது தொகுதியைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தும் விதி எங்கும் இல்லை.

பல்லுயிர்ச் சட்டம் என்ற பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதே ஓட்டை. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பாரம்பரியத் தலத்தை அறிவிக்கவும் அதன் மேலாண்மைக்கு விதி வகுக்கவும் மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் காப்புக்காடு, வனவிலங்குச் சரணாலயம் போல, அறிவித்தவுடனே சுரங்கத்தைத் தடுக்கும் சக்தி அந்த அறிவிப்புக்குக் கிடையாது. ஒரு மாநில அறிவிப்பு, மத்தியச் சுரங்கச் சட்டத்தின் ஏலப் பட்டியலோடு தானாக மோதி அதை நிறுத்திவிடாது.

கிராம சபையும் இப்படித்தான். 2024 நவம்பர் 23 அன்று கூடிய கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. பட்டியல் பழங்குடிப் பகுதிகளில் உள்ளதுபோன்ற சட்ட வலு மேலூர் கிராம சபைக்குச் சுரங்க விஷயத்தில் இல்லை. பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்ற ஒன்று 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் உண்டு. ஆனால் அது ஏலம், ஒப்புதல் கடிதம், மூன்று முதல் ஐந்தாண்டு ஆய்வு, சுரங்கத் திட்டம் எல்லாம் கடந்தபின் வரும் படி. ஊர்க்காரருக்கு முதல் தகவல் ஏல முடிவு வாயிலாகவே போய்ச் சேர்ந்தது.

மேலூருக்கு மட்டும் உரிய இரண்டு காரணங்களையும் சொல்லாமல் விட முடியாது. அந்த வட்டாரம் ஏற்கெனவே கிரானைட் குவாரிகளால் குன்றுகளையும் கண்மாய்களையும் இழந்தது. உயர்நீதிமன்றம் அமர்த்திய சகாயம் குழு விசாரித்த முறைகேடு அது. இரண்டாவது, ஏலத்தில் வென்ற நிறுவனத்தின் தாய்க்குழுமம், ஸ்டெர்லைட் ஆலையின் உரிமையாளரான வேதாந்தா. தூத்துக்குடி ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது 2018 மே மாதம் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததை மறந்த ஊர் தென்தமிழகத்தில் இல்லை. ஏல விதிகளில் நிகர மதிப்புக்குப் பத்தி இருக்கிறது, இதற்குப் பத்தி இல்லை.

77 நாளின் வரிசை

நவம்பர் 29 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவையில் தனித் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. டிசம்பர் 24 அன்று மத்திய அமைச்சகம் ஓரடி பின்வாங்கியது. பல்லுயிர்த் தலத்தை விலக்கி எல்லையை மறுவரையறை செய்ய முடியுமா என்று புவியியல் ஆய்வு மையத்தைக் கேட்டுக்கொண்டது. அதுவரை ஒப்புதல் கடிதம் வழங்க வேண்டாம் என்று மாநிலத்திடம் சொன்னது.

இந்த இடைவழி ஏன் யாருக்கும் ருசிக்கவில்லை என்பது கணக்கைப் பார்த்தாலே தெரியும். 20.16 சதுர கிலோமீட்டரில் 1.93ஐக் கழித்தால் 18க்கு மேல் மிச்சம். பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. அ.வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டிக்காரர்களின் கேள்வி பறவையைப் பற்றியது மட்டுமல்ல. பெரியாறு பாசனத்தை நம்பிய வயலையும் கண்மாயையும் பற்றியது. ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கிப் பெருந்திரளான பேரணி புறப்பட்டது. ஜனவரி 22 அன்று ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லியில் மத்திய அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்தித்தார்கள். மறுநாள் ரத்து.

2023 ஏப்ரலில் டெல்டா மாவட்டங்களில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் மார்ச் இறுதியில் ஏலப் பட்டியலில் வந்தன. எதிர்ப்பு எழுந்ததும் ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குள் வெளியே போயின. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020இலேயே நடைமுறைக்கு வந்திருந்தும் பட்டியல் தயாரித்தவர்கள் அதை அடுக்கிப் பார்க்கவில்லை. வேறு அமைச்சகம், வேறு கனிமம், அதே தவறு.

தாதுவிலிருந்து கார்பைடு வரை

சங்கிலியின் மறுமுனையையும் பார்ப்போம். டங்ஸ்டன் 3,422 டிகிரி செல்சியஸில் உருகும் உலோகம். இதில் பெரும்பகுதி, கரியோடு சேர்ந்து கார்பைடு என்ற மிகக் கடினமான சேர்மமாக மாறி, லேத், சி.என்.சி. இயந்திரங்களின் வெட்டுமுனைகளிலும் பாறை துளைக்கும் பிட்டுகளிலும் போய்ச் சேருகிறது. உலகச் சுரங்க உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவிடம். இந்தியாவில் வால்ஃப்ரமைட் என்ற டங்ஸ்டன் தாதுவை எடுத்த ராஜஸ்தானின் டேகானா சுரங்கம் 1990களிலேயே மூடப்பட்டுவிட்டது.

ஒரு டன் தாதுவில் 0.3 சதவீதம் டங்ஸ்டன் ஆக்சைடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். உலக அளவில் இது மோசமான தரமல்ல. அதில் ஆக்சைடு 3 கிலோ. ஆக்சைடில் உலோகம் 79 சதவீதம், ஆக 2.4 கிலோ. அரைத்து, ஈர்ப்பு முறையிலும் மிதவை முறையிலும் பிரிக்கும்போது முக்கால் பங்கு மீளும் என்றால் 1.8 கிலோ. மீதி 990 கிலோவுக்கு மேல் சக்கைமண், அணைகட்டி நிறுத்த வேண்டிய ஈரக் கழிவு. சுரங்க வாசலில் கிடைப்பதும் உலோகமல்ல, 65 சதவீத ஆக்சைடு கொண்ட செறிவுத்தூள். அதைச் சோடா அல்லது காரத்தில் அழுத்தக்கலத்தில் கரைத்து, மாலிப்டினம், சிலிக்கா, பாஸ்பரஸ் ஆகியவற்றை நீக்கி, ஏ.பி.டி. என்று தொழிலில் சொல்லும் அம்மோனியம் பாராடங்ஸ்டேட்டாகப் படிகமாக்க வேண்டும். உலகச் சந்தையில் விலை பேசப்படுவதே அதற்குத்தான். பிறகு சூடாக்கி ஆக்சைடு, ஹைட்ரஜன் உலையில் உலோகத்தூள், கரியோடு சேர்த்துக் கார்பைடு தூள், 6 முதல் 12 சதவீதம் கோபால்ட் பிணைப்பு, அழுத்தி, 1,400 டிகிரி அளவில் வெப்பப்படுத்தினால் இன்சர்ட் எனப்படும் வெட்டுமுனைத் துண்டு.

ஏலச் சட்டம் தொட்டது இந்த வரிசையின் முதல் படியை மட்டும். செறிவுத்தூளை ஏ.பி.டி. ஆக்கும் ஆலை உள்நாட்டில் போதிய அளவில் இல்லாவிட்டால், மேலூர்க் குன்றைக் குடைந்த தூள் எங்கே சுத்திகரிப்புக்குப் போகும்? நாம் யாரை நம்பியிருக்கக் கூடாது என்று சட்டம் போட்டோமோ அங்கேதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 முக்கிய மூலப்பொருள் சட்டம் இந்த விஷயத்தில் கணக்காக எழுதப்பட்டது. 2030க்குள் ஆண்டுத் தேவையில் 10 சதவீதம் தோண்டுதல், 40 சதவீதம் பதப்படுத்துதல், 25 சதவீதம் மறுசுழற்சி, எந்த ஒரு வெளிநாட்டையும் 65 சதவீதத்துக்கு மேல் சாராமை என்று ஒவ்வொரு கண்ணிக்கும் தனி எண் வைத்திருக்கிறது. தோண்டுதலுக்கான எண் சிறியது, பதப்படுத்தலுக்கானது பெரியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாயக்கர்பட்டி ரத்தான 12ஆம் நாள், 2025 பிப்ரவரி 4 அன்று, டங்ஸ்டன், டெலுரியம், பிஸ்மத், மாலிப்டினம், இண்டியம் ஆகியவற்றின் பொருள்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று சீனா அறிவித்தது. ஏலத்தைக் கெடுத்ததால்தான் நமக்குத் தட்டுப்பாடு என்று அப்போது எழுந்த பேச்சுக்கு அடிப்படை இல்லை. ஏலம் ரத்தாகாமல் நிலைத்திருந்தாலும் ஐந்தாண்டு வரை ஆய்வே நடந்திருக்கும்.

கைக்கு எட்டும் தாது வேறொன்று இருக்கிறது. கோவையின் லேத் பட்டறைகளில் தேய்ந்த இன்சர்ட்டுகளை டப்பாவில் சேர்த்து, கிலோக் கணக்கில் பழைய சாமான் வியாபாரியிடம் போடுவார்கள். அந்தத் துண்டின் எடையில் 80 சதவீதத்துக்கு மேல் டங்ஸ்டன். குன்றில் கிடைப்பதோ 0.3 சதவீத ஆக்சைடு. உருகிய துத்தநாகத்தில் 900 டிகிரிக்கு மேல் வைத்தால் துத்தநாகம் கோபால்ட்டோடு சேர்ந்து துண்டை ஊதிப் பிளக்கும். வெற்றிடத்தில் துத்தநாகத்தை ஆவியாக்கி எடுத்துவிட்டால் நொறுங்கும் கார்பைடும் கோபால்ட்டும் மிஞ்சும். இதில் சிக்கல் வரும் இடம் தரம் பிரிப்பு. எஃகுப் பிடியோடு பற்றவைத்த டிப்பும், டைட்டானியப் பூச்சுள்ள இன்சர்ட்டும், டான்டலம் கலந்த ரகமும் ஒரே மூட்டையில் கலந்தால் தூளின் தரம் கெட்டு, சுற்றுவழியான இரசாயன முறைக்குத்தான் போக வேண்டும். பட்டறையிலேயே பிரித்து வைக்க விலை வித்தியாசம் கொடுத்தால் பாதி வேலை முடியும். சுரங்கச் சட்டத்தில் இதற்கு இடமில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 1,500 கோடி ரூபாய் மறுசுழற்சித் திட்டம், மின்னணுக் கழிவையும் லித்தியம் அயன் பேட்டரியையுமே முதன்மையாகப் பார்க்கிறது.

அதற்குப் பிறகு

2025 ஜனவரி 29 அன்று 16,300 கோடி ரூபாயில் தேசிய முக்கியக் கனிம இயக்கம் வந்தது. 2030–31க்குள் 1,200 ஆய்வுத் திட்டங்கள் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. ஆகஸ்டில் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. ஏற்கெனவே குத்தகை வைத்திருப்பவர் அதே இடத்தில் முக்கியக் கனிமம் கண்டால் கூடுதல் தொகை கட்டாமல் சேர்த்துக்கொள்ளலாம். ஆய்வு அறக்கட்டளைக்கான பங்கு ராயல்டியில் 2 சதவீதத்திலிருந்து 3 ஆனது. இதில் முதலாவது உருப்படியான மாற்றம். புதிய நிலத்தைத் தொடாமல், ஓடுகிற சுரங்கத்தின் துணைத்தாதுவைப் பிடிக்கும் வழி அது.

2025 செப்டம்பர் 8 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அலுவல் குறிப்பு எதிர்த்திசையில் போகிறது. அணுக் கனிமங்களுக்கும் 'டி' பகுதிக் கனிமங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு. பரப்பளவு எவ்வளவானாலும் பரிசீலனை மத்திய மட்டத்தில். இதைத் திரும்பப் பெறக் கோரித் தமிழ்நாடு முதல்வர் பிரதமருக்கு எழுதினார். கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். கேட்டுள்ள 1,144 ஹெக்டேர் கடற்கரை மணல் திட்டத்துக்கு ஏற்கெனவே எதிர்ப்பு வலுத்திருந்த நேரம் அது. நாயக்கர்பட்டி விவகாரம் கருத்துக் கேட்புக் கட்டத்தை எட்டவே இல்லை. அது சிக்கியது அதற்குப் பல படிகள் முன்னால். அங்கே எதையும் மாற்றாமல், பின்னால் இருந்த ஒரே கதவையும் எடுத்துவிட்டார்கள்.

ஏலப் பட்டியலுக்கு முன் செய்ய வேண்டிய வேலைக்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. தொகுதியின் எல்லைப் புள்ளிகளை எடுத்து, மாவட்ட வருவாய்த்துறையின் புல வரைபடத்தோடும், கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டோடும் ஒட்டிப் பட்டா, புறம்போக்கு, நீர்நிலை, கோயில் நிலம் என்று பிரித்தால் எத்தனை குடும்பம் உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிடும். தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், பொதுப்பணித்துறைக் கண்மாய்கள், பல்லுயிர் வாரியத்தின் அறிவிக்கைகள் ஆகியவற்றை அதன்மேல் அடுக்க வேண்டும். மாநிலம் தரும் குறிப்பு 'தகவலுக்காக' என்று நிற்காமல் 'ஏலத்துக்கு உகந்தது', 'எல்லை திருத்தினால் உகந்தது', 'உகந்ததல்ல' என்ற மூன்றில் ஒன்றாக முடிய வேண்டும். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மிஞ்சும் பரப்புக்குத் தமிழில் ஒரு பக்க அறிவிப்பை வரைபடத்தோடு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும், ஏல அறிவிக்கைக்கு முன்பாக. இவற்றுக்குச் சில மாதம் பிடிக்கும். நாயக்கர்பட்டி அறிக்கை 2021இல் மாநிலத்துக்குப் போனது, ஏலம் 2024இல் நடந்தது. நேரமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போதைய சட்ட நிலை: ரத்தானது ஏலம் மட்டும். புவியியல் ஆய்வு அறிக்கை கோப்பில் இருக்கிறது. டங்ஸ்டன் 'டி' பகுதியில் இருக்கிறது. 11டி பிரிவு அப்படியே இருக்கிறது. 2020ஆம் ஆண்டு வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்கு உரியது, மதுரை மாவட்டம் அதற்குள் வராது. பெரியாறு பாசனப் பகுதியையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்க வேண்டும் என்று மேலூர் விவசாயிகள் கேட்பது இதனால்தான்.